ரசீதுக் கம்பி

விசுவாசப் பிரமாணத்தில்
முதலில் ஒரு வரிதான் விட்டேன்.
இருநூறு பேர் சேர்ந்து சொல்கிற இடத்தில்
ஒரு வாய் மூடிக்கிடப்பது
பனங்காட்டில் ஒரு ஓலை அசையாதது போல.
யார் பார்க்க?

மறு வருடம் இன்னொரு வரி.
கடைசியில் ஆமென் மட்டும் மிஞ்சியது.
அதையும் ஒரு மழை ஞாயிற்றுக்கிழமை
குடையை மறந்து வைப்பது மாதிரி
பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்தேன்.
திசையன்விளை பஸ் ஏறியபின் ஞாபகம் வந்தது.
இறங்கத் தோன்றவில்லை.

கேட்டவர்களுக்கு
ஆளுக்கொரு காரணம் சொன்னேன்.
ஐயரவர்களுக்கு ஒன்று.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் என்னோடு
ரத்தம் பரிசோதிக்கிற செய்யதலி பாத்திமாவுக்கு ஒன்று.
பெரியம்மை மட்டும் லேசில் விடவில்லை.
"பெந்தெகொஸ்துக்குப் போயிட்டியாட்டி?"
இல்லை.
"பெறவு? வேதத்துல வந்துட்டானா எவனும்?"
இல்லை பெரியம்மை, எங்கேயும் போகலை.
"எங்கயும் போவாம
எப்படிட்டி விட்டுட்டு வர முடியும்?"

அதற்கு என்னிடம்
இன்றைக்கும் பதில் இல்லை.

அப்பாவிடம் சொன்னது சனிக்கிழமை ராத்திரி.
சாளைக் குழம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.
பனைவெல்லக் கூட்டுறவில்
முப்பத்தோரு வருடம் கணக்கு எழுதிய விரல்,
ஒரு முள் தப்பாது.
முழுக்கக் கேட்டார்.
தண்ணீர் குடித்தார்.
"அசனத்துக்கு வருவியா?" என்றார்.

வந்தேன்.
பாயில் குவித்த சோறு ஆள் உயரம்,
ஆவியில் கோபுரமே மங்கியது.
ஜெபம் முடியும்வரை இலையில் கை வைக்கவில்லை.
அதை விசுவாசம் என்று
யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.
பக்கத்து இலைக்காரரும்
பசியோடுதான் காத்திருந்தார்.

அந்த வருடமே பதிவுத் தபாலில் எழுதினேன்.
சபைப் பட்டியலில் இருந்து
என் பெயரை நீக்கிவிடவும்.
இப்படிக்கு, எப்சிபா ரத்தினசாமி.
ஒப்புகை அட்டை நாலாம் நாள் திரும்பி வந்தது.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து:
ரத்தினசாமி, செயலாளர்.

அதைப்பற்றி அவர் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
பதினோரு வருடம்
முருங்கை விலை பேசினோம்,
அவர் சர்க்கரை அளவு பேசினோம்.

தேரி மண்ணில் குழி நிற்காது.
வெட்ட வெட்டச் சரியும்.
அப்பாவுக்கு இரண்டு தடவை வெட்டினார்கள்.
பெட்டி இறங்கும்போது எல்லோரும் பாடினார்கள்.
எனக்கு ராகம் மட்டும்
தொண்டைவரை வந்து நின்றது.

மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தேன்.
மேல்தட்டில் அந்த ரசீதுக் கம்பி.
மின்சாரம், தண்ணீர் வரி, மாத்திரைக் கடை,
சங்கக் காணிக்கை ரத்தினசாமி,
சங்கக் காணிக்கை எப்சிபா,
சங்கக் காணிக்கை எப்சிபா,
ஒரு மாதம் விடாமல்.
சங்கப் பாக்கி வைத்தவர்களுக்கு
கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை,
அது எங்கள் ஊர் ஏற்பாடு.

இன்னும் கீழே தள்ளினால்
பதினோரு வருடத்துக்கு முந்தைய மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் நடுவில்
என் கடிதம்.
கிழிக்கவில்லை, ஒளிக்கவில்லை.
வந்த தேதி ஓரத்தில் எழுதி
வரிசைப்படி குத்தியிருக்கிறார்.
கம்பி துளைத்தது
'நீக்கிவிடவும்' என்ற சொல்லுக்குச் சற்று மேலே,
வெறும் தாளில்.

கோபம்தான் முதலில் வந்தது.
என் பெயரை என்னைக் கேட்காமல்.
அதற்குப் பிறகு வந்ததற்குப்
பெயர் கண்டுபிடிக்கும் முன்
வாசலில் பொருளாளர் ஆசீர்
நோட்டோடு நிற்கிறார்.

"உங்க பேர்ல பாக்கி ஒண்ணுமில்லம்மா.
இந்த மாசத்துக்குப் போடவா,
இல்ல... எப்படிச் சொல்லுதிய?"

பேனா மூடி திறந்திருக்கிறது.
எவ்வளவு என்று கேட்கிறேன்.
கேட்டது நான்தானா என்று
எனக்கே சந்தேகம்.
நூற்றி இருபது.
என்னிடம் ஐந்நூறு தாள்,
அவரிடம் சில்லறை இல்லை.

"இருக்கட்டும்," என்கிறார்
நோட்டை மடக்கி அக்குளில் வைத்தபடி,
"அசனத்தன்னைக்குப் பாத்துக்கிடலாம்."